ஓட்டுநரின் உடல்தகுதிச் சான்றும் நாம் மறக்கும் அமானிதமும்



சேலத்திலிருந்து ஏற்காட்டிற்குச் செல்லும் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சேர்வராயன் மலைத்தொடரில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள அவ்வூரை அடைய முப்பது கிலோமீட்டர் போல் பயணம் செய்ய வேண்டும். நமது மஹல்லாவைச் சேர்ந்த பல குடும்பங்களுக்கு இப்பாதையே வாழ்வாதாரம். சிலர் சுற்றுலாப் பயணிகளை வேனில் ஏற்றிச் செல்கின்றனர். சிலர் மேலே விளையும் காப்பியையும் மிளகையும் லாரியில் கீழே கொண்டு வருகின்றனர். வண்டியில் ஏறுபவர்கள் ஓட்டுநரின் பெயரைக்கூடக் கேட்பதில்லை. குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவருடைய கண்களையும் கைகளையும் நம்பி அமர்ந்துவிடுகின்றனர்.

சென்ற ரமளானில் நடந்த ஒரு நிகழ்வே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. நம் ஜமாஅத்தைச் சேர்ந்த வேன் ஓட்டுநர் ஒருவர் அஸருக்குப் பின் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஏற்காட்டிலிருந்து இறங்கினார். வயது ஐம்பத்திரண்டு. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்குக் கிளிமிப்பிரைடு என்னும் மாத்திரையை உட்கொண்டு வருபவர். அன்று ஸஹருக்கு நேரம் கழித்து எழுந்ததால், மாத்திரையை மட்டும் தண்ணீருடன் விழுங்கிவிட்டு நோன்பு வைத்திருந்தார். பாதி வழியில் உடல் வியர்த்தது, கை நடுங்கியது, எதிரே வந்த வண்டியின் விளக்கு இரண்டாகத் தெரிந்தது. அல்லாஹ்வின் அருளால் வளைவைத் தாண்டி ஓரமாக வண்டியை நிறுத்த அவரால் முடிந்தது. பின்னிருக்கையில் இருந்த மூதாட்டி ஒருவர், தாமும் சர்க்கரை நோயாளி என்பதால், பார்த்தவுடன் புரிந்துகொண்டு தம் பையிலிருந்த மிட்டாயை அவர் வாயில் இட்டார். அரை மணி நேரத்திற்குப் பின் வண்டி மீண்டும் புறப்பட்டது.

சில நாட்கள் கழித்து, தராவீஹ் முடிந்து பள்ளிவாசல் படியில் அமர்ந்திருந்தபோது இதனை அவர் கூறினார். கூறியவுடன் அவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: “யாருகிட்டயும் சொல்லிடாதீங்க பாய், ரெண்டு மாசத்துல லைசென்ஸ் புதுப்பிக்கணும்.”

அவரைக் குறை கூற நமக்கு வாய் வரவில்லை. மூன்று பிள்ளைகள், வண்டிக் கடன், வாடகை வீடு. சென்ற முறை புதுப்பித்தபோது, ஒரு மருத்துவர் அவருடைய நாடியைக்கூடத் தொடாமல் படிவத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்தாராம். இம்முறையும் அதே வழியில் முடித்துவிடலாம் என்றே வீட்டில் பேச்சு. கல்லூரியில் படிக்கும் மகள் மட்டும், “அத்தா, நீங்க நல்லா இருந்தாத்தானே வண்டி ஓடும்” என்று மறுத்திருக்கிறாள்.

சட்டம் உண்மையில் என்ன கேட்கிறது என்பதை நம்மில் பலர் படித்ததே இல்லை. வாடகை வாகனமோ சரக்கு வாகனமோ ஓட்டும் உரிமத்தை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கு முன் இது மூன்று ஆண்டுகளாக இருந்தது. அப்போது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் இரண்டு தாள்கள் தரப்பட வேண்டும். படிவம் 1 என்பது ஓட்டுநர் தம் உடல்நிலை குறித்துத் தாமே கையொப்பமிட்டுத் தரும் உறுதிமொழி. படிவம் 1ஏ என்பது பதிவு பெற்ற மருத்துவர் பரிசோதித்துத் தரும் சான்று. முதல் படிவத்தின் கேள்விகள் மிக எளியவை. வலிப்போ, எக்காரணத்தாலேனும் திடீரென நினைவிழத்தலோ தலைசுற்றலோ உண்டா? நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலுள்ள வண்டியின் எண் பலகையைப் படிக்க முடிகிறதா? சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடிகிறதா? மாலைக்கண் உண்டா? காது கேட்கிறதா? மக்களுக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய வேறு நோய் ஏதேனும் உண்டா?

கவனியுங்கள், ‘சர்க்கரை நோய் உண்டா’ என்று அப்படிவம் கேட்கவில்லை. நினைவு தப்புகிறதா, தலை சுற்றுகிறதா என்றே கேட்கிறது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, மயக்கமோ பார்வைக் கோளாறோ இல்லாமல் வாழும் ஒருவர் மனசாட்சிக்கு விரோதமின்றி அதில் கையொப்பமிடலாம். ஆனால் மலைப்பாதையில் கை நடுங்கி வண்டியை ஓரங்கட்டியவர், சிகிச்சையை மாற்றிக்கொள்ளாத வரையில், ‘இல்லை’ என்று எழுதக் கூடாது. நோய் இருப்பது வேறு, அந்நோய் சாலையில் ஒருவரைச் செயலிழக்கச் செய்வது வேறு. இந்த வேறுபாட்டை அறியாததால், மறைக்கத் தேவையில்லாதவர்களும் மறைக்கின்றனர். மறைக்கக் கூடாதவர்களும் மறைக்கின்றனர்.

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, அந்த வணிகரைக் கண்டித்த நிகழ்வை ஜும்ஆ உரைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள செய்தி அது. மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்ற எச்சரிக்கையை எடையிலும் விலையிலும் பொருத்திப் பார்க்கிறோம். இருக்கை ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பெற்றுக்கொண்டு, தம் உடலின் ஈரத்தை மறைத்துப் பயணிகளை ஏற்றுவதும் அதே குவியல்தான் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பரிசோதிக்காமல் கையொப்பமிடும் மருத்துவரின் நிலை இதனினும் மோசமானது. அவர் தருவது சாட்சியம். பொய்ச்சாட்சி பெரும்பாவங்களுள் ஒன்று என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவருக்கு நாம் கொடுக்கும் சில நூறு ரூபாய் எந்தக் கணக்கில் சேரும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலத்திற்கு இறங்கிய தனியார் பேருந்து ஒன்று மலைப்பாதையில் பள்ளத்தில் கவிழ்ந்து பயணிகள் சிலர் உயிரிழந்ததை நம் பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு ஓட்டுநரின் உடல்நிலை காரணம் என்று நாம் கூறவில்லை. அந்தப் பாதையில் ஒரு கணத் தவறு எவ்வளவு பெரிய விலை கேட்கும் என்பதற்காகவே நினைவூட்டுகிறோம்.

மலை மேலிருந்து பார்த்தால் சேலத்துச் சமவெளி விரிந்து கிடப்பது தெரியும். அச்சமவெளியில் காமலாபுரத்தில் விமான நிலையம் இருக்கிறது. விமானப் பயிற்சிப் பள்ளிக்கென இந்திய விமான நிலையங்கள் ஆணையம் தெரிவு செய்த நிலையங்களுள் அதுவும் ஒன்று. தம் பிள்ளையை விமானியாக்க விரும்பும் பெற்றோர் நம் சமுதாயத்திலும் இப்போது தோன்றியிருக்கின்றனர், மகிழ்ச்சி. அவர்கள் முதலில் அறிய வேண்டியது கட்டணத்தை அன்று, மருத்துவச் சான்றை. வணிக விமானத்தை ஓட்ட முதல் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும். பன்னாட்டு நெறியின்படி பெரும்பாலான விமானிகளுக்கு அது பன்னிரண்டு மாதங்களே செல்லும். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு ஆறு மாதங்கள். ஒவ்வொரு முறையும் இரத்த அழுத்தம், கண், காது, இதயம் என முழுப் பரிசோதனை. ஒரு முறை அழுத்தம் மிகுதியாக இருந்தால் ‘தற்காலிகமாகத் தகுதியற்றவர்’ என்று தரையில் நிறுத்துவார்கள். சிகிச்சைக்குப் பின் மறுபரிசோதனை செய்து திரும்ப அனுமதிப்பார்கள். நம் ஓட்டுநர்களுக்கோ ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு தாள்.

வியப்பு என்னவெனில், இவ்வளவு கடுமையான துறையே நோயாளிகளுக்குக் கதவைச் சிறிது சிறிதாகத் திறந்து வருகிறது. இன்சுலின் எடுப்பவர் வணிக விமானம் ஓட்டுவதை நெடுங்காலம் பெரும்பாலான நாடுகள் ஏற்கவில்லை. பிரிட்டன் 2012 இல் அவர்களுக்கு முதல் வகுப்புச் சான்று வழங்கத் தொடங்கியது. அமெரிக்கா 2019 நவம்பரில் வழிவகை செய்தது. அனுமதி சும்மா கிடைத்துவிடவில்லை. பிரிட்டன் முறைப்படி அவ்விமானி பறக்கும்போது மணிக்கொரு முறையும், தரையிறங்குவதற்கு முன் அரை மணி நேரத்திற்குள்ளும் சர்க்கரை அளவைப் பார்த்துப் பதிய வேண்டும். டெசிலிட்டருக்கு 90 முதல் 270 மில்லிகிராம் வரை இருந்தால் அது பச்சை. 72க்குக் கீழே சென்றால் சிவப்பு, பொறுப்பை உடனே அடுத்த விமானியிடம் ஒப்படைக்க வேண்டும். (நம் நாட்டு விதிகள் இவ்வளவு தூரம் வரவில்லை. நம் பிள்ளைகள் வெளிநாட்டுச் செய்தியை மட்டும் நம்பிக் கட்டணம் கட்டிவிட வேண்டா.) இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஓர் அடிப்படையில் நிற்கிறது: நோயாளி தம் நோயைத் தாமே முன்வந்து கூறியிருக்கிறார்.

கூறாமல் விட்டால் நேர்வதையும் உலகம் கண்டுவிட்டது. 2015 மார்ச் 24 அன்று பார்சிலோனாவிலிருந்து டுசெல்டார்ஃப் சென்ற ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானி பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் மோதச் செய்தார். 150 பேர் மாண்டனர். அவர்களுள் ஒரே பள்ளியைச் சேர்ந்த பதினாறு மாணவர்கள். அவருடைய மனநோயைக் கண்ட மருத்துவர்கள் பணிக்குச் செல்ல வேண்டா என்று எழுதித் தந்திருந்தனர். அத்தாள்களை அவர் நிறுவனத்திடம் காட்டவே இல்லை. மனநோய் உள்ளவர்களையெல்லாம் நாம் அஞ்ச வேண்டும் என்பதற்காக இதனைக் கூறவில்லை. அது பெரும் அநீதி. நம்மை நிறுத்திச் சிந்திக்க வைத்தது, பிரான்சின் விபத்து விசாரணை அமைப்பு 2016 இல் வெளியிட்ட இறுதி அறிக்கை. உரிமம் போய்விட்டால் வருமானமும் போய்விடும் என்ற அச்சமே விமானிகளை மறைக்கத் தூண்டுகிறது என்பதை அவ்வறிக்கை கருத்தில் கொண்டு, உரிமம் இழப்பவரின் பொருளாதார இழப்பைக் குறைக்க வழி காணுமாறு பரிந்துரைத்தது.

இங்கேதான் நம் ஜமாஅத்துகளுக்கு ஒரு கேள்வி எழுகிறது. விமானிக்கு ‘உரிம இழப்புக் காப்பீடு’ என்று ஒன்று இருக்கிறது. தரையில் நிறுத்தப்பட்டாலும் ஒரு தொகை வரும். அமெரிக்க விண்வெளி வீரர் டீக் ஸ்லேட்டனுக்கு இதயத் துடிப்புக் கோளாறு இருந்ததால், 1962 இல் நாசா அவரைப் பறக்க விடவில்லை, வீட்டுக்கும் அனுப்பவில்லை. பிற வீரர்களைத் தெரிவு செய்யும் பொறுப்பை அளித்தது. உடல் தேறி, 1975 இல் தம் ஐம்பத்தோராம் வயதில் அவர் விண்ணுக்குச் சென்றார். நம் வேன் ஓட்டுநருக்கு என்ன இருக்கிறது? இரண்டு மாதம் வண்டி நின்றால் மூன்றாம் மாதம் கடன் கொடுத்த நிறுவனத்தின் ஆள் வாசலில் நிற்பார். அந்த மனிதரிடம் சென்று, ‘அமானிதத்தைப் பேணுங்கள், உண்மையை எழுதுங்கள்’ என்று உபதேசம் செய்துவிட்டு நாம் நோன்புக் கஞ்சி அருந்தப் போய்விடுவது நேர்மையாகுமா?

ஜகாத் பெறத் தகுதியுடையோராக அல்லாஹ் ஒன்பதாம் அத்தியாயத்தின் அறுபதாம் வசனத்தில் குறிப்பிடும் எட்டுப் பிரிவினருள் ஏழைகள், தேவையுடையோர், கடனாளிகள் ஆகியோர் உள்ளனர். மருத்துவக் காரணத்தால் வண்டியை நிறுத்திய ஓட்டுநர் இவற்றுள் ஒன்றிலேனும் அடங்குவார். ஆயினும் நமது பைத்துல்மால்கள் பெரும்பாலும் விதவையர் உதவிக்கும் கல்வி உதவிக்கும் பழகியிருக்கின்றன. உழைக்கும் ஆணுக்கு மூன்று மாத உதவி என்றால் முகம் சுளிக்கின்றன. ‘கை, கால் நன்றாகத்தானே இருக்கிறது’ என்ற பேச்சை நாம் காதால் கேட்டிருக்கிறோம். பணம் மட்டுமே வழி என்றும் இல்லை. நம்மவர்கள் நடத்தும் டிராவல்ஸ் நிறுவனங்களில் முன்பதிவைக் கவனிக்க ஆள் வேண்டும். எஸ்டேட்களில் கணக்கெழுத ஆள் வேண்டும். மருத்துவர் சம்மதித்தால் மலையேறாத, குறுகிய தூர ஓட்டம் கொடுக்கலாம். சிகிச்சை நிலைபெறும் வரை ஒரு மனிதரைத் தாங்கிப் பிடிக்க இவையே போதும்.

நோன்பு பற்றியும் விரிவாகக் கூற வேண்டியிருக்கிறது. ஏனெனில் ஆபத்து அதிகம் வருவது அம்மாதத்தில்தான். “வாகனம் ஓட்டுபவர் முஸாஃபிர்தானே, நோன்பை விட்டுவிடலாமே” என்று சிலர் எளிதாகச் சொல்வர். சேலத்திலிருந்து ஏற்காடு முப்பது கிலோமீட்டர். பயணச் சலுகைக்கு அறிஞர்கள் பலர் கூறும் தூரம் ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர். ஆகவே அந்த ஓட்டத்திற்குப் பயணத்தின் பெயரால் சலுகை கோருவது கடினம். நோயின் பெயரால் உள்ள சலுகையோ தெளிவானது. அல்பகரா அத்தியாயத்தின் 184, 185 ஆம் வசனங்கள் நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்க அனுமதி அளிக்கின்றன. தேறும் நம்பிக்கை இல்லாத நோயாளிக்கு ஃபித்யா இருக்கிறது. இவற்றுள் எது தமக்குப் பொருந்தும் என்பதை மருத்துவரிடமும் ஆலிமிடமும் சேர்ந்தே கேட்டறிய வேண்டும்.

தலையில் காயமுற்ற ஒரு நபித்தோழரிடம், சலுகை கிடையாது, குளித்தே ஆக வேண்டும் என்று உடனிருந்தோர் கூற, அவர் குளித்து இறந்துபோனார். செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள் அவ்வாறு கூறியோரை எவ்வளவு வன்மையாகக் கண்டித்தார்கள் என்பது அபூதாவூதில் உள்ளது. ‘அவரே வைக்கிறார், உனக்கென்ன’ என்று சர்க்கரை நோயாளியை நோன்புக்குத் தூண்டும் நம் வீட்டுப் பெரியவர்கள் இச்செய்தியை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

எல்லா மாத்திரையும் ஒன்றன்று. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை மிகத் தாழ்வது அரிது. கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவையும் இன்சுலினும் உணவில்லாத வேளையில் சர்க்கரையை அபாயமான அளவுக்கு இறக்கிவிடும். ஆதலால் ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே, அதாவது ரஜப் மாதத்தின் முதல் பாதியிலேயே, மருத்துவரைக் காண வேண்டும். ‘நோன்பு வைக்கிறேன், மலையில் வண்டியும் ஓட்டுகிறேன்’ என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அளவு 70க்குக் கீழே சென்றால், மணி மஃரிபுக்கு ஐந்து நிமிடம் இருந்தாலும், நோன்பை விட்டுவிட வேண்டும் என்று நீரிழிவும் ரமளானும் குறித்த பன்னாட்டு மருத்துவ வழிகாட்டுதல் கூறுகிறது. ஓட்டுநருக்கு 70 என்பதே தாழ்ந்த வரம்பு. 90க்குக் குறைவாக இருக்கும்போது ஸ்டியரிங்கைத் தொடாமல் முதலில் ஏதேனும் உண்பது பிரிட்டனில் இன்சுலின் எடுக்கும் ஓட்டுநர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை. சர்க்கரை ஒருமுறை தாழ்ந்துவிட்டால், அளவு சரியான பிறகும் முக்கால் மணி நேரம் கழித்தே ஓட்ட வேண்டும்; மூளை தெளிய அவ்வளவு நேரமாகும். நம் சகோதரர் அரை மணியில் புறப்பட்டுவிட்டார்.

பின்னர் என்ன நடந்தது என்று வாசகர்கள் கேட்பது நியாயம். மகளின் பிடிவாதத்தால் அவர் வேறொரு மருத்துவரிடம் சென்று நடந்ததை மறைக்காமல் கூறினார். மருத்துவர் மாத்திரையை மாற்றினார். கண்ணின் விழித்திரையையும் பார்க்கச் சொன்னார். ஆறு வாரம் மலையில் ஓட்டக் கூடாது என்று நிறுத்தினார். அந்த ஆறு வாரமும் அவருடைய மைத்துனர் வேனை ஓட்டினார். வருமானத்தில் பாதிதான் வீட்டுக்கு வந்தது. ஒரு தவணை தவறியது. நாங்கள் நண்பர்கள் சிலர் சேர்ந்து அதனைக் கட்டினோம், ஜமாஅத் கட்டவில்லை. மறுபரிசோதனைக்குப் பிறகு மருத்துவர் முறையாகச் சோதித்துக் கையொப்பமிட்டார். உரிமம் புதுப்பிக்கப்பட்டது. இப்போது அவருடைய வேனின் முன்பெட்டியில் குளுக்கோமீட்டரும் ஒரு பொட்டலம் குளுக்கோஸும் இருக்கின்றன. வரும் ரமளானில் மலையோட்டம் உள்ள நாட்களில் நோன்பை விட்டு, பின்னர் களாச் செய்யுமாறு பள்ளிவாசல் ஹஜ்ரத் அவருக்கு வழி கூறியிருக்கிறார்.

ஓட்டுநர்களுக்கான மருத்துவ உதவியாகப் பைத்துல்மாலில் ஒரு பகுதியை ஒதுக்கக் கோரி நிர்வாகத்திற்கு மனு ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஷஅபான் மாதக் கூட்டத்தில் அது விவாதத்திற்கு வருகிறது. நம் மஹல்லாவில் நாற்பது வயதைக் கடந்த ஓட்டுநர் உள்ள வீட்டினர், இன்ஷா அல்லாஹ், அன்று அவசியம் வந்து அமர வேண்டும்.